தோட்டத்துக் காணியில் கலாசார மண்டபம்: எந்தக் கடிதம் முதலில், எந்த இடம் சரி?

பதிவு 1 | பணியக்கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகம், கொட்டகலைப் பக்கம் ஒரு கம்பெனித் தேயிலைத் தோட்டம். எங்க டிவிஷனில் ஏறக்குறைய 180 குடும்பம். அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் கலாசார மண்டபத்துக்குப் பணம் ஒதுக்கலாம் என்று பிரதேச சபையில் பேச்சு நடக்கிறது. துரை (தோட்ட முகாமையாளர்) 20 பேர்ச் காணி தருவதாக வாயால் சொல்லிவிட்டார். பெரட்டுக்களத்துக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) பின்னால் இருக்கும் சமதரைதான் இடம், மண் வெட்டவே தேவையில்லை.

60க்கு 30 அடி மண்டபம், மேடை, சமையலறை, இரண்டு கழிவறை, ஒரு மூலையில் வாசிகசாலை. கல்யாணம், சடங்கு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கூத்து எல்லாம் அதிலேயே நடக்கணும். படம் வரைய ஆள் தயார். எதை முதலில் செய்யணும், எதில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | காணிக்கிளை

படத்தைச் சுருட்டி வையுங்க தம்பி. முதலில் காணி.

துரை அந்தக் காணிக்குச் சொந்தக்காரர் இல்லை. அவருடைய கம்பெனியும் இல்லை. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் வந்த அதன் திருத்தம், இரண்டாலும் தோட்டங்கள் அரசிடம் வந்தன. பிறகு ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்களிடம் பிரிந்து போயின. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. குத்தகை 53 வருஷம், 2045 வரை. ஆகக் கம்பெனி ஒரு குத்தகைக்காரர். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று எழுதித் தரலாம், அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. குத்தகையிலிருந்து அந்தத் துண்டை விடுவிப்பது உரித்துள்ள அரச நிறுவனத்தின் வேலை. அது எந்த நிறுவனம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். சில இடங்களில் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் பெயரே இன்னும் நிற்கும். பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கடிதமும் எழுதவேண்டாம்.

ஒழுங்கு இது. சங்கத்தின் கோரிக்கைக் கடிதம் துரைக்கு. துரையின் பரிந்துரையோடு அது கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு. அங்கிருந்து எழுத்தில் ஆட்சேபனையில்லாக் கடிதம். அதைப் பிரதேச செயலாளர் ஊடாக உரித்துள்ள நிறுவனத்துக்கும் பெருந்தோட்ட அமைச்சுக்கும் அனுப்பணும். விடுவிப்புக்கு இணக்கம் வந்ததும் நில அளவை, துண்டு இலக்கம் போட்ட வரைபடம், அதன் பிறகு பிரதேச சபையிடம் பொதுத் தேவைக்காகக் கையளிப்பு. தலைமை அலுவலகத்திலும் அமைச்சிலும்தான் கோப்பு தூங்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவுத் தபால் துண்டு வைத்திருங்க.

வழக்கமாகக் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, கடிதத்தில் "சுமார் 20 பேர்ச், பெரட்டுக்களம் அருகில்" என்று மட்டும் இருக்கும், எல்லை இருக்காது. அடுத்து வரும் துரை வேறு எல்லை காட்டுவார். இரண்டு, கடிதம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் சொந்தப் பெயருக்கு வந்திருக்கும். அவர் சங்கம் மாறினால் கடிதமும் அவரோடு போகும். பதவியின் பெயரிலோ பிரதேச சபையின் பெயரிலோதான் கேட்கணும்.

பதிவு 3 | மேக்கணக்கு

அண்ணே, 2018இல் சட்டம் மாறிவிட்டதே? பிரதேச சபை இப்போ தோட்டத்துக்குள்ளே வேலை செய்யலாம்தானே. எதுக்கு இவ்வளவு கடிதம்?

பதிவு 4 | காணிக்கிளை

மாறியது உண்மை. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க வழி திறந்தது. அதே வருஷம் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டமும் வந்தது. ஆனால் திருத்தம் திறந்தது செலவழிக்கும் வழியை. காணியின் உரித்தை அது தொடவில்லை. பாதைக்குக் கொங்கிறீட் போடுவதும் கட்டடம் எழுப்புவதும் ஒன்றல்ல. பாதையை யாரும் பூட்டி வைக்க முடியாது, மண்டபத்தைப் பூட்டலாம். இன்னொன்று, அடுத்தவர் காணியில் சபை கட்டடம் கட்டினால் கணக்காய்வாளர் கேள்வி எழுதுவார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டாம் கட்டப் பணம் நின்று, தூணும் கம்பியுமாய்ப் பாசி பிடித்து நிற்கிற கட்டடங்களை நுவரெலியா, பதுளை இரண்டு மாவட்டத்திலும் பார்க்கலாம்.

பதிவு 5 | தப்புக்கட்டை

ஒரு கேள்வி. பெரட்டுக்களத்துக்குப் பின்னால் உள்ள அந்தச் சமதரையில் மாசி மாதம் என்ன நடக்கிறது?

பதிவு 6 | பணியக்கணக்கு

காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து அங்கேதான். கம்பம் நடுவதும் அங்கேதான். ஏன்?

பதிவு 7 | தப்புக்கட்டை

அதுதான் கேட்டேன். அது சும்மா சமதரை இல்லை, காமன் பொட்டல். தேயிலை நடாமல் விட்டு வைத்த துண்டு என்பதால்தான் கம்பெனிக்கு அதைத் தருவதில் நட்டம் இல்லை, துரையும் உடனே தலையாட்டினார். கலாசார மண்டபம் கட்டக் கலாசாரம் நடக்கிற இடத்தையே கொத்தப்போறீங்க.

கூத்துக்கு என்ன வேணும் என்று எழுதுகிறேன், படம் வரைகிறவருக்குக் காட்டுங்க.

காமன் கூத்துக்கு மண் தரை வேணும். கம்பத்தை நிலத்தில் நடணும், காமனை எரிக்கணும். டைல் தரையிலோ கொங்கிறீட்டிலோ இரண்டும் நடக்காது. கொங்கிறீட்டின் மேல் நேராகத் தீ மூட்டினால் மேல்தோல் வெடித்துத் தெறிக்கும். அருச்சுனன் தபசுக் கூத்துக்குத் தபசு மரம் ஏறணும், மேலே வானம் வேணும், கூரை கூடாது. பொன்னர் சங்கர் கூத்து விடிய விடிய நடக்கும், சனம் பாயும் போர்வையுமாக நாலு பக்கமும் உட்காரும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடையில் வைத்தால் ஆட்டம் சுருங்கிப்போகும். கூத்தாடுகிறவர் வட்டத்துக்குள் சுற்றி ஆடிப் பழகியவர், மூன்று சுவருக்குள் அவருக்குக் கால் வராது.

அடுத்தது தப்பு, அதாவது பறை. மலைநாட்டு ஈரத்தில் தோல் அரைமணி நேரத்தில் தொய்ந்துவிடும், திரும்பத் திரும்பத் தீயில் காட்டணும். அதற்கு ஆட்டக்களத்திலிருந்து பத்து இருபது அடிக்குள் ஒரு தீக்குழி: நாலடி அகலம், ஓரடி ஆழம், சுற்றிலும் கல். சமையலறை காஸ் சிலிண்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். தப்பை மண்டபத்துக்குள் அடித்தால் நாலு சுவரும் தகரக் கூரையும் சேர்ந்து முழங்கி, அடி எது எதிரொலி எது என்று பிரியாது. ஆடுகிறவருக்கே தாளம் தப்பும்.

ஆகப் பொட்டலை விட்டுவிட்டு மண்டபத்தை வேற இடத்தில் போடுங்க. அல்லது இரண்டையும் சேர்த்து ஒரே காணியாகக் கேளுங்க.

பதிவு 8 | அளவுகோல்

தப்புக்கட்டை சொல்வது கணக்கிலும் சரியாகவே வருகிறது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 20 பேர்ச் 5,445. மண்டபம் 1,800, மேடை 30க்கு 15 அடி 450, சமையலறை 300, கழிவறைகள் 200, இஸ்தோப்பு (முன் திண்ணை) 60க்கு 6 அடி 360. மொத்தம் 3,110. மிச்சம் 2,335 சதுர அடிக்குள் சுற்றுக் கான் (வடிகால்), மலக்குழி, ஊறல் குழி, எல்லை இடைவெளி, லொறி திரும்பும் இடம் எல்லாம் வரணும். 40க்கு 40 அடிப் பொட்டலுக்கு இடமே இருக்காது. 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் கேளுங்க. கோப்பு ஓடுகிற தூரம் 20க்கும் 40க்கும் ஒன்றுதான்.

வரைபடத்தில் இரண்டு துண்டாகப் பிரியுங்க: துண்டு அ கட்டடத்துக்கு, துண்டு ஆ "திறந்தவெளிக் கலாசாரக் களம், நிரந்தரக் கட்டடம் அமைக்கப்படாது" என்ற குறிப்போடு. குறிப்பு இல்லாமல் விட்டால் நாளைக்கு யாராவது அங்கே வலைப்பந்துத் திடலுக்குக் கொங்கிறீட் போட்டுவிடுவார்கள்.

பொட்டலுக்கு மேலே அல்லது பக்கத்தில் என்ன இருக்கிறது? சரிவு எவ்வளவு?

பதிவு 9 | பணியக்கணக்கு

மேலே பழைய கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), இப்போ பாவனையில் இல்லை, தகரமும் போய்விட்டது. அதற்குப் பின்னால் தேயிலை மலை. சரிவு 20 பாகை இருக்கும் என்று பாதைக்கு அளக்க வந்தவர் சொன்னார். பொட்டல் பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணே. எங்களுக்கே அது கண்ணில் படவில்லை.

பதிவு 10 | மண்கண்

20 பாகை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வராமல் படம் வரைவது வீண். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் மண்சரிவு மாவட்டங்கள். கட்டட அனுமதிக்கு அந்த அறிக்கையைப் பிரதேச சபையே கேட்கும். அபாய வலய வரைபடத்தில் மஞ்சளோ சிவப்போ என்று பார்ப்பதோடு நிற்காதீங்க. அது பரந்த பிரதேசத்துக்குப் பொதுவாக வரைந்தது, உங்க துண்டை அவர்கள் நேரில் வந்து பார்க்கணும். விண்ணப்பத்தோடு நில அளவைப் படம், உத்தேசக் கட்டட வரைவு, காணிக் கடிதம். அறிக்கையில் நிபந்தனை இருக்கும்: எத்தனை அடி வரை வெட்டலாம், எங்கே தாங்கு சுவர், எத்தனை மாடி, கான் எப்படி. அந்த நிபந்தனையைப் பார்த்த பிறகு படம் வரைந்தால் ஒரு தடவை வரைந்தால் போதும்.

அவர்கள் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கு. மடுவத்துக்குப் பின்னால் நிழல் மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்கின்றனவா? தேயிலை நிரையில் ஒரே கோட்டில் இறக்கம் தெரிகிறதா? மழை விட்டு ஒரு வாரமாகியும் ஓரிடத்தில் மட்டும் நீர் கசிகிறதா? பழைய கான் மூடிப்போய் நீர் வேறு வழி எடுத்திருக்கிறதா? கடைசி இரண்டும் இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

மண்டபம் என்பது ஆபத்து நேரத்தில் சனத்தைக் கொண்டுபோய் வைக்கிற இடமும்கூட. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகும், 2025 நவம்பர் டித்வாப் புயலின் போதும் சனம் தங்கியது பாடசாலைகளிலும் மண்டபங்களிலும்தான். லயம் (தொழிலாளர் வரிசை வீடு) நிற்கிற அதே சரிவில், அதே ஓடைக் கரையில் மண்டபத்தையும் வைத்தால் ஓடிப்போக வேற இடம் கிடையாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் அளவு. ஒரு மழைமானியை மண்டப வளவில் வையுங்க. பெரிய செலவில்லை.

பதிவு 11 | அளவுகோல்

சரிவுக் கணக்கு. மண்டபம் 30 அடி, முன் இஸ்தோப்பு 6, பின்னால் கானும் நடையும் 6, மொத்தம் 42 அடி அகலச் சமதளம். 20 பாகையில் அந்த 42 அடிக்குள் நிலம் 15 அடிக்கு மேல் உயர்கிறது. இது மண்டபத்தின் நீளப்பாட்டை மலைக்குக் குறுக்கே வைத்தால். நீளப்பாட்டை மலைக்கு நேரே வைத்தால் 72 அடிக்கு 26 அடி உயரம்! ஆகக் குறுக்கேதான், வேற பேச்சில்லை.

15 அடியை ஒரே வெட்டாக வெட்டினால் அதைத் தாங்கச் செலவழிக்கும் சுவர்ப் பணத்தில் இன்னொரு மண்டபம் கட்டலாம். பாதி வெட்டி அந்த மண்ணை முன்னால் கொட்டிச் சமப்படுத்துவதுதான் தோட்டப்புறத்தில் வழக்கம். கட்டடத்தைக் கெடுப்பதும் அதுவே. வெட்டிய பக்கம் இறுகிய மண், கொட்டிய பக்கம் பொலபொலவென்ற மண். இரண்டு மழைக்காலம் போனதும் முன்பாதி இறங்கும். வெட்டும் நிரப்பும் சேரும் கோட்டிலேயே தரையில் ஒரு வெடிப்பு, அப்படியே பக்கச் சுவரில் ஏறும். சீமெந்து பூசி மறைப்பார்கள், அடுத்த மழைக்கு அதே கோட்டில் திரும்ப வரும்.

வழி: தளத்தை இரண்டு படியாக்குங்க. மேற்படி மண்டபத்துக்கு, முழுக்க வெட்டிய மண்ணில். கீழ்ப்படி கழிவறைக்கும் சமையலறைக்கும், அதற்கும் கீழே பொட்டல் இருக்கிறபடியே. பழைய மடுவத்தின் தளம் ஏற்கெனவே வெட்டி இறுகியது, அதையே மேற்படியாக எடுத்தால் புதிதாக வெட்டுவது குறையும். மண்டபத்தின் இஸ்தோப்பைப் பொட்டல் பக்கம் திருப்பினால் கூத்துப் பார்க்க அதுவே மாடம். படிக்கட்டை 30 அடி அகலத்துக்கு இழுத்துவிட்டால் சனம் உட்காரவும் ஆச்சு.

கல்லுக்கட்டுக்கு (மண்ணைத் தாங்கும் கல் சுவர்) அளவு: 6 அடி உயரத்துக்கு அடி அகலம் 3 அடிக்குக் குறையாமல், தலையில் ஒன்றரை. பின்னால் ஓரடிக்குச் சல்லி நிரப்பி, 5 அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் 3 அங்குலக் குழாய்த் துளை. சல்லி இல்லாமல் துளை மட்டும் விட்டால் மண் அடைத்துக்கொள்ளும், சுவர் வயிறு தள்ளும். 6 அடிக்கு மேல் போனால் பொறியியலாளர் வரைந்து தரணும். மேசன் கைக்கணக்கு அங்கே செல்லாது.

பதிவு 12 | மண்கண்

கூரை நீர்! இதை யாரும் மதிப்பீட்டில் போடுவதில்லை. இறவாரத்தோடு 220 சதுர மீற்றர் கூரை வரும். 100 மில்லிமீற்றர் மழைக்கு 22,000 லீற்றர் நீர். பீலி (கூரை ஓரத்து நீர்வழி) இல்லாவிட்டால் அத்தனையும் அத்திவாரத்தடியில். பீலி இருந்து குழாய் கல்லுக்கட்டுத் தலையில் முடிந்தால் அதைவிட மோசம். மூடிய குழாயில் ஓடை வரை கொண்டுபோகணும், இறங்கும் வழியில் படிக்கான். 2,000 லீற்றர் தாங்கி ஒன்றைப் பீலிக்குக் கீழே வைத்தால் கழிவறை கழுவத் தண்ணீர். 10 மில்லிமீற்றர் மழைக்கே நிரம்பும்.

மலக்குழியின் ஊறல் குழியைக் கல்லுக்கட்டுக்குப் பின்னால் வெட்டவே கூடாது. கல்யாண நாளில் 300 பேர் பாவித்த நீர் அத்தனையும் அந்தச் சுவரின் முதுகில் இறங்கும். தளத்துக்குக் கீழே, பொட்டலுக்கும் ஒதுக்காக, குடிநீர் ஊற்றுக்கு மேலே வராமல் ஓரிடம் பாருங்க. தோட்டத்தில் ஊற்று எங்கே என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும், படம் வரைகிறவருக்குத் தெரியாது.

பதிவு 13 | கொழுந்துக்கூடை

இவ்வளவு பேர் எழுதுறீங்க, பொம்பளைங்க கண்ணில் ஒரு வரி வரலையே.

"இரண்டு கழிவறை" போதாது. ஆம்பளைக்கு ஒன்று, பொம்பளைக்கு ஒன்று என்றால் கல்யாண நாளில் பின்னால் தேயிலை மலைக்குத்தான் போவாங்க. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்க நீட்டுத் தொட்டியும், சக்கர நாற்காலி போகிற அளவில் ஒன்று. அதற்குக் கதவு 3 அடி, வெளியே திறக்கணும். பெண்கள் கழிவறையில் மூடியுள்ள கூடையும் உள்ளே தண்ணீர்க் குழாயும் வேணும். உடை மாற்ற மேடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை, தாழ்ப்பாள் உள்பக்கம். கல்யாணப் பெண்ணுக்கும் அதே அறை.

சமையல்: இங்கே 300 பேருக்குச் சமைப்பது விறகில். மண்டபத்தோடு ஒட்டிய சமையலறையில் மூன்று அடுப்பு எரிந்தால் புகை முழுக்கப் பந்திக்குள். பத்தடி தள்ளித் தனிக் கொட்டகை, இடையில் கூரை மட்டும். கழுவுகிற தொட்டி இடுப்பளவில், தரையில் குந்திக் கழுவுகிற மாதிரி வேண்டாம். காலையிலிருந்து மலையில் நின்றுவிட்டு வருகிறவங்க.

மாலை வகுப்பு என்றால் பிள்ளைகள் இருட்டின பிறகு லயத்துக்குத் திரும்பணும். பாதையில் விளக்கு, படிக்குக் கைப்பிடி, இவை மதிப்பீட்டுக்குள்ளேயே வரணும். "பிறகு போடலாம்" என்றால் வராது.

பதிவு 14 | அளவுகோல்

சரி அக்கா, இதை முதலிலேயே நினைக்காதது என் தவறு. சேர்த்துக்கொள்கிறேன்: தரைமட்டம் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்தால் 1க்கு 12 சாய்வில் 18 அடி நீளச் சாய்பாதை வேணும். படத்தில் இடம் விடாமல் கட்டிவிட்டுக் கடைசியில் செங்குத்தாக ஒரு பலகை போல் ஊற்றிவிடுகிறார்கள், அதில் யாரும் ஏற முடியாது.

கொள்ளளவு: நாற்காலி வரிசைக்கு ஆளுக்கு 8 சதுர அடி, 1,800இல் 220 பேர். பந்தி போட்டால் ஆளுக்கு 12 முதல் 14, ஒரு பந்திக்கு 130 முதல் 150 வரை. ஆக 300 பேர் கல்யாணம் இரண்டு அல்லது மூன்று பந்தி, சிக்கல் இல்லை. 80க்கு 40 கட்டணும் என்று யாராவது கிளம்பினால் இந்தக் கணக்கைக் காட்டுங்க. வெளியேற எதிரெதிரே இரண்டு இரட்டைக் கதவு, இரண்டும் வெளியே திறக்கணும்.

தரை 4 அங்குலக் கொங்கிறீட், 1,800 சதுர அடிக்கு 600 கன அடி, அதாவது 6 கியூப். 1:2:4 கலவையில் 50 கிலோ சீமெந்து 107 மூட்டை, மணல் 2.7 கியூப், முக்கால் அங்குலச் சல்லி 5.3 கியூப். சேதாரம் தனி. சுவருக்கு 16க்கு 8 அங்குலக் கல் சுமார் 1,850. இந்த எண்ணிக்கையெல்லாம் எல்லா இடத்துக்கும் ஒன்று. மதிப்பீடு உடைவது வேற இடத்தில்: பிரதான பாதையிலிருந்து தளத்துக்கு லொறி போகுமா? போகாவிட்டால் மணலும் சல்லியும் சந்தியில் இறக்கி ட்ரக்டரில் ஏற்றி, கடைசி நூறு யார் தலைச்சுமை. அதற்குத் தனி வரி போடாத மதிப்பீட்டை எந்தக் கொந்தராத்துக்காரரும் எடுக்க மாட்டார். எடுத்தால் கலவையில்தான் பிடிப்பார்.

கூரை: அமானோ என்கிற உலோகத் தகடு இலகு, ஏற்றுவது எளிது. ஆனால் மழை விழுந்தால் ஒலிபெருக்கி வைத்தும் பேச்சுக் கேட்காது. விடியற்காலைப் பனியில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும், வாசிகசாலைப் புத்தகம் நாசம். தகட்டுக்கடியில் வெப்பத்தடுப்புத் தாள், அதற்கும் கீழே சீலிங். தென்மேல் பருவக்காற்றுக்குத் தகடு பறக்காமல் இருக்க வளை மரங்களை (கூரை தாங்கும் மரங்கள்) சுவர்த் தலைக் கொங்கிறீட்டில் கம்பியால் கட்டணும், ஆணி மட்டும் போதாது. பின்சுவருக்குத் தடித்த துணித்திரை போட்டால் எதிரொலி பாதி குறையும்.

பதிவு 15 | மேக்கணக்கு

நான் வேற மாதிரி யோசிக்கிறேன். கோபிக்காதீங்க. தோட்டத்துக்குத் தோட்டம் சனசமூக நிலையம் கட்டிப் பூட்டிக் கிடக்கு. இன்னொன்று எதுக்கு? இருக்கிற ஒன்றின் கூரையை மாற்றி, கழிவறை போட்டு, விளக்குப் போட்டால் கால்வாசிப் பணத்தில் முடியும். காணிக் கோப்பும் தேவையில்லை.

பதிவு 16 | சாவிக்கொத்து

நியாயமான கேள்வி. ஆனால் அவை ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று பாருங்க. கூரை ஓட்டையால் இல்லை. சாவி ஓர் ஆளிடம் இருக்கிறது. அவர் ஒரு சங்கம், கேட்கிறவர் வேறு சங்கம். பழையதைத் திருத்தினாலும் புதிதாகக் கட்டினாலும் இது மாறாது.

காணி சபையிடம் வந்தால் கட்டடம் சபையின் சொத்து. வாடகை சபைத் தீர்மானத்தில் குறித்த கட்டணப்படி, பற்றுச்சீட்டோடு, சபைக் கணக்குக்குத்தான் போகணும். தோட்டத்துச் சங்கம் கையில் வாங்கினால் அது முறைகேடு. ஆனால் 180 குடும்பத்து மண்டபத்துக்கு முன்பதிவு செய்ய அரை நாள் வேலையை விட்டு, பஸ் ஏறி, சபைக்குப் போகச் சொன்னால் யார் போவார்? ஆகக் கட்டத் தொடங்கும் முன்பே சபைக்கும் பிரதேச செயலகத்தில் பதிந்த ஒரு முகாமைக் குழுவுக்கும் எழுத்தில் உடன்படிக்கை வேணும். குழுவில் யார் யார் என்று பதவியால் எழுதுங்க: கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து இருவர், இளைஞர் கழகம் ஒருவர், தோட்டத்தில் உள்ள ஒவ்வொரு தொழிற்சங்கத்திலிருந்தும் ஒருவர், கிராம உத்தியோகத்தர் பார்வையாளராக. சாவி மூன்று: ஒன்று பராமரிப்பாளரிடம், ஒன்று மாதர் சங்கத்திடம், ஒன்று சபையில்.

முன்பதிவுப் புத்தகம் வெளிச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள், மாதப் பக்கம் எல்லாரும் பார்க்கிற மாதிரி. யார் எந்த நாள் கேட்டார் என்பது தெரிந்தால் பாதிச் சண்டை வராது. இழவு விழுந்தால் முன்பதிவு எதுவானாலும் கருமாதிக்கு வசதி எப்படி என்று முதலிலேயே எழுதிவிடுங்க. இந்த ஒரு விஷயத்தில் எழுதாமல் விட்ட இடத்தில்தான் மண்டபம் உடைகிறது.

மின்சாரம்: மீற்றர் சபையின் பெயரில். மண்டபத்துக்கு வீட்டுக் கட்டணம் கிடையாது, பொதுப் பாவனைப் பிரிவில் வரும். சும்மா கிடந்தாலும் மாத நிலைக் கட்டணம் ஓடும். கல்யாண வாடகையில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்காவிட்டால் ஆறு மாதத்தில் துண்டிப்பு. ஒலிபெருக்கிக்காரர் வெளியிலிருந்து கம்பி மாட்டி இழுப்பார், அதற்குத் தனி இணைப்புப் பெட்டியும் முறிப்பானும் மேடைக்குப் பின்னால் வையுங்க.

பெயர்ப் பலகை பற்றி ஒரு வார்த்தை. பணம் தந்தவர் பெயர் திறப்புக் கல்லில் இருக்கட்டும். மண்டபத்தின் பெயர் தோட்டத்தின் பெயராகவே இருக்கட்டும். சுவருக்கு எந்தக் கட்சி வர்ணமும் வேண்டாம், வெள்ளை அல்லது சாம்பல். வர்ணம் பூசிய மண்டபத்துக்கு அடுத்த ஆட்சியில் பராமரிப்புப் பணம் வராது.

பதிவு 17 | மேக்கணக்கு

வர்ணக் கதை சரிதான். சாவிக் கதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த உடன்படிக்கையைப் பழைய நிலையம் ஒன்றில் ஒரு வருஷம் நடத்திக் காட்டிவிட்டுப் புதியதைக் கேட்டால் சபைக்கும் நம்பிக்கை வரும்.

பதிவு 18 | காணிக்கிளை

அது நல்ல யோசனை. காணிக் கோப்பு எப்படியும் உடனே முடியாது. அந்த நேரத்தில் பழையதைத் திருத்திக் குழுவை ஓட்டிப் பழகலாம், முன்பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் கோப்போடு இணைத்தால் "தேவை உள்ளது" என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சபைப் பணத்தை முதல் வருஷம் நில அளவைக்கும் மண்சரிவு அறிக்கைக்கும் மட்டும் ஒதுக்கச் சொல்லுங்க. கட்டடப் பணம் அடுத்ததில். கட்டடத்துக்கு ஒதுக்கி வருஷ முடிவில் செலவழியாமல் திரும்பிப்போனால் மறு வருஷம் கேட்கவே முடியாது.

பதிவு 19 | பணியக்கணக்கு

இப்போ எங்க கணக்கு இப்படி மாறியிருக்கு: 40 பேர்ச், பழைய மடுவத் தளத்தில் மண்டபம், பொட்டல் துண்டு ஆ. கோரிக்கைக் கடிதம் சபைத் தவிசாளர் ஊடாக, சபையின் பெயரில். எங்க டிவிஷன் பழைய நிலையத்துக்குக் கழிவறையும் விளக்கும். சாவி மூன்று. கழிவறைக் கணக்கு அக்கா சொன்னபடி.

ஒரு சந்தேகம் பாக்கி. துண்டு ஆவில் ஒன்றும் கட்டக்கூடாது என்றால் மழை நாளில் கூத்துக்கு என்ன செய்வது? இளைஞர்கள் நிரந்தரத் தகரக் கொட்டகை கேட்கிறாங்க.

பதிவு 20 | தப்புக்கட்டை

கொட்டகை போட்டால் கம்பம் எங்கே நடுவீங்க, தபசு மரம் எங்கே ஏறும்? மாசியில் மழை குறைவுதான். கொட்டகைக்குப் பதிலாகப் பொட்டலின் ஓரத்தில், நடுவில் இல்லை, ஓரத்தில் ஆறு இடத்தில் 4 அங்குல இரும்புக் குழாயை 2 அடி ஆழத்துக்குக் கொங்கிறீட்டில் புதைத்து மூடி போட்டு வையுங்க. தேவையான நாளில் மூங்கிலை அதில் சொருகித் தார்ப்பாய் கட்டலாம், மறுநாள் கழற்றலாம். கம்பம் நடுகிற குழியைச் சுற்றிப் பத்தடிக்கு ஒன்றும் புதைக்க வேண்டாம். நில அளவைக்காரர் வருகிற அன்றைக்கு அந்தக் குழி எது என்று தெரிந்த ஒரு பெரியவரைக் கூட நிறுத்துங்க, வரைபடத்தில் அந்தப் புள்ளியையும் குறிக்கச் சொல்லணும்.

பதிவு 21 | மண்கண்

மூடிக்கு ஒரு சங்கிலியும் போடுங்க. இரும்பு மூடியைப் பழைய இரும்புக்காரர் விட்டு வைக்க மாட்டார்.